மாமியாருக்கு மறதி நோய், மொத்தப் பொறுப்பும் மூத்த மருமகளுக்கு: சுமையைக் குடும்பத்துக்குள் எப்படிப் பங்கிடுவது?

கும்பகோணத்தில் வசிக்கும், ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. எழுபத்தாறு வயதான மாமியாருக்கு மூன்று ஆண்டுகளாக டிமென்ஷியா என்னும் மறதி நோய். அதற்கு வெகுகாலம் முன்பே வந்த சர்க்கரை நோய்க்கு இப்போது இரண்டு வேளை இன்சுலின் போடவேண்டியிருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காகவே இவர் தனியார் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டிருக்கிறார். கணவர் காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிறது. கொழுந்தனார் குடும்பம் கோயம்புத்தூரிலும், நாத்தனார் குடும்பம் சென்னையிலும் இருக்கின்றன. "யாரும் முடியாது என்று சொல்வதில்லை. என்ன வேண்டுமோ சொல்லுங்கள் அண்ணி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மூன்று வருடத்தில் ஒரு இரவுகூட நான் வெளியில் தங்கியதில்லை. எனக்கே இப்போது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். உறவு கெடாமல் இந்த வேலையை எப்படிப் பங்கிடுவது?"

"என்ன வேண்டுமோ சொல்லுங்கள்" என்பது நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். என்ன தேவை என்பதைக் கவனிப்பதும், எப்போது தேவை என்று கணக்கிடுவதும், யாரிடம் கேட்கலாம் என்று யோசிப்பதும், கேட்டதை அவர்கள் செய்தார்களா என்று பார்ப்பதும் மறுபடி உங்களிடமே வந்து சேர்கின்றன. உங்களை உண்மையில் தேய்த்துக்கொண்டிருப்பது குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவரே நினைவு வைத்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய சுமை. அடுத்த இன்சுலின் பேனா எப்போது தீரும், பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா, நேற்றிலிருந்து அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் குழம்புகிறாரே, சிறுநீர்த் தொற்றாக இருக்குமோ என்றெல்லாம் சமைக்கும்போதும் தூங்கும்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் அந்த எண்ணத்தைத்தான் முதலில் பங்கிட வேண்டும். ஆகவே என் பதில் முழுவதும் ஒரே கருத்தைச் சுற்றியே இருக்கும்: மற்றவர்களுக்குத் துண்டு துண்டாக வேலை சொல்லாதீர்கள். பொறுப்புகளை, அவற்றை நினைவில் வைத்திருக்கும் கடமையோடு சேர்த்து, முழுதாகக் கைமாற்றுங்கள்.

உங்கள் உடல்நிலை பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற துணையைப் பார்த்துக்கொண்ட 66 வயதுக்கு மேற்பட்டவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பராமரிப்பினால் மன உளைச்சலுக்கு உள்ளானவர்களிடம், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைக் காட்டிலும் இறப்பு அபாயம் 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியைச் சொல்பவர்கள் குறைவு: பராமரித்தாலும் அத்தகைய உளைச்சல் இல்லாதவர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் அபாயம் காணப்படவில்லை. அவர்கள் முதியவர்கள், துணையைப் பார்த்துக்கொண்டவர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் மாமியாரைப் பார்த்துக்கொள்வதையும் அதனால் நொறுங்கிப்போவதையும் இரண்டாகப் பிரிக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

இதே திசையில் இன்னும் பயனுள்ள ஆய்வு ஒன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடந்தது. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோயுள்ள துணையை வீட்டில் வைத்துப் பார்த்த 406 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு முறை ஆலோசனை அளித்தார்கள். அந்த ஆறில் இரண்டு மட்டுமே பராமரிப்பவரோடு தனியாக நடந்தவை. மீதி நான்கு அமர்வுகளும் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரை அவரோடு சேர்த்து உட்காரவைத்து நடத்தப்பட்டன. அதற்குப் பின்னும் தேவைப்படும்போது தொலைபேசியில் ஆலோசகர்கள் கிடைத்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவது இடைநிலைக் கணக்கில் 557 நாள் தள்ளிப்போயிற்று. கும்பகோணத்துக்கும் நியூயார்க்குக்கும் வெகுதூரம், நம் வீடுகளில் பராமரிப்பு இல்லம் என்ற பேச்சே வேறு மாதிரியானது. ஆனாலும், களைத்துப்போனவருக்கு மட்டும் பொறுமையைக் கற்றுக்கொடுப்பதைவிட அவரைச் சுற்றியிருப்பவர்களைக் கூட்டி உட்காரவைப்பது பலன் தருகிறது என்ற பாடம் எந்த ஊருக்கும் பொருந்தும். தியானம் செய்யுங்கள், நடைப்பயிற்சி போங்கள் என்று உங்களுக்கு ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். அவை கெடுதல் இல்லை. நடக்கப் போகும் நேரத்தில் மாமியாருடன் யார் இருப்பது என்பதை மட்டும் அவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அப்படி உட்காருவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு வாரத்துக்கு வீட்டில் மாமியாருக்காக நடக்கும் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவையுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், ஒரே கேள்விக்கு எத்தனை முறை பதில் சொன்னீர்கள், மருந்துக்கடைக்கு எத்தனை நடை, படுக்கை நனைந்து துணி மாற்றியது எத்தனை தடவை என்பதெல்லாம் அதில் வரட்டும். இதில் நான் வலியுறுத்துவது ஒன்று உண்டு: அந்த வாரத்தின் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எழுதுவது உங்கள் கணவராக இருக்க வேண்டும், அந்த இரண்டு நாளும் வேலையைச் செய்வதும் அவராகவே இருக்க வேண்டும். நீங்கள் எழுதிக் காட்டினால் அது குறையாகப் படும், அவரே எழுதினால் கணக்காகப் படும். இந்தக் கணக்கு நாட்டளவிலேயே எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டார்கள். சமையல், துப்புரவு போன்ற சம்பளமில்லாத வீட்டுவேலையில் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் வரப்போகும் எண்கள் இவற்றைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும்.

அடுத்தது உறவுமுறை சார்ந்தது, இதில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. கொழுந்தனாரிடமும் நாத்தனாரிடமும் பேசவேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் கணவர். மூத்த மருமகள் "எனக்கு முடியவில்லை" என்று சொன்னால், அது மாமியாரைச் சுமையாக நினைக்கிறாள் என்று காதில் விழும் வாய்ப்பு நம் வீடுகளில் அதிகம். மூத்த மகன் தம்பியையும் தங்கையையும் அழைத்து, "அம்மாவை நாம் மூவரும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசவேண்டும்" என்று தொடங்கினால், அது பெற்ற தாயைப் பற்றிய பேச்சாகவே நிற்கும். ஓரகத்தியை நீங்கள் நேரடியாக எதிலும் இழுக்காமல் இருப்பதும் நல்லது. அவரும் உங்களைப் போலவே இன்னொரு வீட்டிலிருந்து வந்தவர், அவர் வீட்டில் யார் எதைச் செய்வது என்பதை அவரும் அவர் கணவரும் பேசி முடிவு செய்யட்டும்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோர் மீது வைக்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. மருமகன், மருமகளையும் சேர்க்கும் திருத்த மசோதா 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை. அதாவது உங்கள் வீட்டில் ஏறத்தாழ எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பவர், அந்தச் சட்டப்படி எதையும் செய்யக் கடமைப்படாத ஒரே ஆள். இதை யாரிடமும் சொல்லிக் காட்டவேண்டாம். நீங்கள் கேட்கப்போவது சலுகை என்ற கூச்சம் உங்களுக்குள் இருந்தால், அதைக் கழற்றி வைப்பதற்காக மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் உட்காரும் நாளைத் திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ சேர்த்து வைக்காதீர்கள். மாமியார் காதில் விழும் இடத்திலும் வேண்டாம். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பேச்சின் பொருள் நழுவினாலும் குரலில் உள்ள கசப்பு தெளிவாகவே போய்ச் சேரும். நான் பரிந்துரைப்பது, அடுத்த மருத்துவர் சந்திப்பையே தொடக்கமாக வைத்துக்கொள்வது. அன்று கொழுந்தனாரும் நாத்தனாரும் நேரில் வரட்டும், முடியாவிட்டால் மருத்துவரின் இசைவோடு காணொளி அழைப்பில் இணையட்டும். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இனி என்னென்ன வரும், எவையெல்லாம் அபாய அறிகுறிகள் என்பதை மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மருத்துவர் வாயிலிருந்து கேட்கவேண்டும்.

இதற்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. டிமென்ஷியாவின் தொடக்க, நடுக்கட்டங்களில் இருப்பவர்கள் தொலைபேசியில் பத்து நிமிடம் மிக இயல்பாகப் பேசிவிடுவார்கள். "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்படி இருக்கு" என்பவை வாழ்நாள் முழுவதும் பழகிய வாக்கியங்கள், அவை வெகுகாலம் வாயில் நிற்கும். சென்னையிலிருக்கும் மகளுக்கு அம்மா நன்றாகத்தான் இருக்கிறார் என்று தோன்றுவதில் வியப்பில்லை. பேசி முடித்து அரைமணியில், யார் பேசினார்கள் என்பதே அவருக்கு நினைவிராது என்பதை மகள் பார்த்ததில்லை. இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. சாப்பிட்டதை மறந்துவிட்டு "இவ எனக்குச் சோறே போடறதில்லை" என்பதும், தானே எங்கோ ஒளித்து வைத்த சங்கிலியை "இவ எடுத்துக்கிட்டா" என்பதும் இந்த நோயில் மிகவும் வழக்கமான பேச்சுகள். எப்போதும் அருகில் இருப்பவர் மீதுதான் அந்தப் பழி விழும். நோயின் வேலை என்று தெரியாத மகள் அதை நம்பி, நேராகக் கேட்காமல் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். பல வீடுகளில் உதவி வராமல் தடுப்பது சோம்பலோ கல்மனமோ இல்லை, இப்படிச் சொல்லப்படாமல் தேங்கிய சந்தேகம்தான். மருத்துவர் அதைப் பொதுவாக, பல நோயாளிகளிடமும் காணப்படுவதாக எடுத்துச் சொல்லும்போது, நீங்கள் உங்களுக்காக வாதாட வேண்டிய நிலை வராது. அதற்கும் மேலே, கொழுந்தனாரும் நாத்தனாரும் ஆளுக்கு இரண்டு இரவாவது அம்மாவோடு, நீங்கள் இல்லாத வீட்டில், தங்கிப் பார்க்கவேண்டும்.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பங்கிடுவது என்றதும் எல்லோர் மனத்திலும் முதலில் வருவது முறை வைப்பது: பெரியவன் வீட்டில் இரண்டு மாதம், சின்னவன் வீட்டில் இரண்டு மாதம், நடுவில் மகள் வீட்டில் ஒரு மாதம். நினைவு நன்றாக இருக்கும் பெற்றோருக்கு அது பொருந்தலாம், சிலருக்குப் பிடித்தும் இருக்கலாம். மறதி நோய் உள்ளவருக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெடுதலாகவே முடிகிறது. புதிதாக எதையும் மனத்தில் பதியவைக்கும் திறன்தான் அவரிடம் முதலில் போவது. கும்பகோணத்து வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதை அவர் கால்கள் நினைவு வைத்திருக்கின்றன. கோயம்புத்தூர் அடுக்ககத்தின் ஐந்தாம் தளத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் அவருக்கு எந்தக் கதவு எங்கே போகிறது என்று தெரியாது. தடுமாறி விழுவதும், படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுவதும், மாலை நேரப் பதற்றம் கூடி "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவதும் அதனால் வருபவை. பிறகு, இடம் ஒருவாறு பழகும் நேரத்தில் முறை முடிந்துவிடும்.

ஆகவே நோயாளியை இடம் மாற்றாமல், பார்த்துக்கொள்பவர்களை முறை வைத்து மாற்றுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை கொழுந்தனாரும், இன்னொரு வாரம் நாத்தனாரும் கும்பகோணம் வரட்டும், அந்த நாள்களில் நீங்கள் வீட்டைவிட்டு வெளியே போங்கள். அக்கா வீட்டுக்கோ, தோழி வீட்டுக்கோ, பிறந்த ஊருக்கோ, எங்கே என்பது உங்கள் விருப்பம். வீட்டிலேயே இருந்துகொண்டு ஓய்வெடுக்கலாம் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் கண்ணில் படும் வரை மாமியார் உங்களைத்தான் அழைப்பார், வந்தவர்களும் அது எங்கே இது எங்கே என்று உங்களைத்தான் கேட்பார்கள், அவர்களுக்கும் சேர்த்து நீங்களே சமைக்கவும் நேரிடும். விருந்தாளியாக வந்து அம்மாவைப் பார்த்துப் போவது வேறு, பொறுப்பேற்க வருவது வேறு என்பதை முதல் முறையே நிலைநாட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையிலோ அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலோ, பத்து நாள் தொடர்ச்சியாகவும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். எந்தக் காரணத்தாலாவது மாமியார் வேறு ஊரில் இருந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், வாரக்கணக்கில் மாற்றாமல் நீண்டகாலம் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கட்டில், போர்வை, சாமி படம் எல்லாம் அவரோடு போகட்டும்.

மாதத்தின் மற்ற நாள்களில் தொலைவில் இருப்பவர்களால் என்ன முடியும் என்று கேட்டால், நிறைய முடியும். கொழுந்தனார் மருந்துப் பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ளலாம்: சீட்டின் படங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எது எந்தத் தேதியில் தீரும் என்று கணக்கிட்டு, கும்பகோணத்து மருந்துக்கடையில் தொலைபேசியில் சொல்லி, பணமும் அனுப்பி, வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்வது வரை. மருத்துவர் சந்திப்புகளுக்கு நேரம் வாங்குவது, பரிசோதனை முடிவுகளைத் தேதிவாரியாகத் தொகுப்பது, குடும்ப ஓய்வூதியம் வருகிறதென்றால் ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்நாள் சான்றிதழைக் கவனிப்பது போன்றவையும் அப்படியே. இப்போது அந்தச் சான்றிதழைக் கைபேசியில் முகத்தைக் காட்டியே பதிவுசெய்ய முடிகிறது, அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்து செய்துதரும் வசதியும் உண்டு. நாத்தனார் தினமும் மாலை ஐந்தரை மணிக்கு அம்மாவைக் காணொளியில் அழைத்து முக்கால் மணி நேரம் பேசலாம், பாடலாம், பழைய புகைப்படங்களைக் காட்டலாம். அந்த நேரத்தைச் சொல்வதற்குக் காரணம், பொழுது சாயும்போது குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயின் இயல்பு. அடுப்படி வேலையும் அப்போதுதான் வந்து சேரும். அம்மா கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டால், அதற்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதும் மகளின் பங்குதான்.

ஒரு பொறுப்பைக் கொடுத்தபின் அதை மறந்துவிட உங்களால் முடியவேண்டும், இது எளிதன்று. மருந்து தீரும் தேதி நெருங்கும்போது கை தானாகக் கைபேசிக்குப் போகும். ஒருமுறை நினைவூட்டினால் அந்தப் பொறுப்பு உங்களிடம் திரும்பிவிட்டது என்று பொருள். ஆனால் மறந்தால் உயிருக்கு ஆபத்து என்பவற்றில் இந்தப் பரீட்சையை வைக்கக் கூடாது. இன்சுலினுக்கு எப்போதும் ஒரு பேனா கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். இன்சுலின் அளவு, போட்டபின் அவர் சாப்பிட மறுத்தால் என்ன செய்வது, சர்க்கரை தாழ்ந்ததற்கான அறிகுறிகள், உடனே மருத்துவரை அழைக்கவேண்டிய நிலைமைகள் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு ஒரே தாளில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாமல், தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், மருந்தின் பக்கவிளைவு இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். இந்தத் தாளில் உள்ளவை யார் இருந்தாலும் மாறக் கூடாதவை. மற்றவை எப்படி வேண்டுமானாலும் மாறலாம். கொழுந்தனார் அம்மாவுக்கு இரண்டு நாளும் ஒரே புடைவையைக் கட்டிவிட்டாலும், இட்லிக்குப் பதில் ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்தாலும், தலை வாராமல் விட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. நம் பெண்களில் பலருக்கு, நான் செய்வதுபோல் வராது என்ற எண்ணம் மூன்றாண்டுப் பழக்கத்தில் ஊறிப்போயிருக்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் குறை சொன்னால், அடுத்த மாதம் அவர் வரமாட்டார்.

வீட்டுக்குள்ளே கணவரின் பங்கு என்னவென்று தனியாக முடிவு செய்யுங்கள். பெற்ற தாயானாலும் அவரைக் குளிப்பாட்டி உடை மாற்ற மகனுக்குக் கூச்சம் இருக்கும், தாய்க்கும் இருக்கும். அதை வற்புறுத்துவதில் பயனில்லை. அதற்கு ஈடாக இரவைக் கொடுங்கள். வாரத்தில் குறைந்தது மூன்று இரவு அவர் அம்மாவின் அறையில் படுக்கட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில் தூங்குங்கள். அவர் காலையில் வேலைக்குப் போகவேண்டியவர்தான், நீங்களும் காலையில் வேலை தொடங்கவேண்டியவர்தான். தூக்கம் தொடர்ந்து அறுந்தால் ரத்த அழுத்தமும் எரிச்சலும் மற்ற எல்லாமும் அதன் பின்னால் வரும் என்பதால், பங்கிடவேண்டியவற்றில் முதலிடம் இரவுக்குத்தான் என்பது என் கருத்து. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு சிறு பொறுப்பு இருக்கட்டும். ஆனால் மகள் இருந்தால் எல்லாவற்றையும் அவளிடம் கொடுப்பதும், மகன் இருந்தால் அவனுக்குப் படிப்பு இருக்கிறது என்று விட்டுவிடுவதும் வேண்டாம்.

அடுத்து ஆள் வைத்துக்கொள்வது. முகமைகள் வழியாக இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டில் தங்கும் ஆளை வைப்பதுதான் தீர்வு என்று பலர் உடனே முடிவெடுக்கிறார்கள். அப்படித் தங்குபவரும் தூங்கவேண்டிய மனிதர்தான், அவருக்குச் சாப்பாடும் விடுப்பும் வேண்டும். மறதி நோயாளிக்கு முகம் மாறிக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. உங்கள் நிலையில், தெரிந்த, உள்ளூர்ப் பெண் ஒருவர் காலையில் மூன்று மணி நேரம் வந்து குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கை துவைத்துப் போவது அதிகப் பலன் தரும். முதல் இரண்டு வாரம் நீங்களும் கூட இருந்து பழக்கிவிடுங்கள். நகையையும் பணத்தையும் பூட்டிவைத்துவிட்டால் பின்னால் யார் மீதும் பழி வராது.

அந்தச் செலவை யார் தருவது என்பதில் மென்று விழுங்காமல் பேசவேண்டும். முதலில் மாமியாருடைய சொந்த ஓய்வூதியமும் வைப்புத்தொகை வட்டியும் அவருக்கே செலவாகட்டும். போதாததை மூன்று பிள்ளைகளும் பகிரட்டும், ஆனால் மூன்று சம பங்காக வேண்டும் என்று கட்டாயமில்லை. நீங்கள் விட்ட ஆசிரியர் சம்பளம் ஏற்கெனவே உங்கள் குடும்பம் மாதாமாதம் செலுத்திவரும் பங்கு. அதை எழுதி எண்ணில் சேர்த்த பிறகே மற்றவர்களின் தொகையைப் பேசவேண்டும். நாத்தனாருக்குப் பணம் கடினமென்றால் அவர் கூடுதல் நாள் வந்து தங்கலாம், கொழுந்தனாருக்கு விடுப்பு கடினமென்றால் ஆள் சம்பளத்தை அவர் ஏற்கலாம். கணக்கை வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை உங்கள் கணவர் பதிவிடட்டும். இந்தக் கணக்கோடு வீடு, நிலம் பற்றிய பேச்சைக் கலக்கவே கூடாது. "அவர்கள்தானே வீட்டில் இருக்கிறார்கள்" என்ற ஒரு வரி வந்துவிட்டால் அம்மாவைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அரசுத் தரப்பில் கிடைப்பவை சில உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டாவது எண் மாமியாருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

மருத்துவர் சொன்ன பிறகும், நோட்டுப் புத்தகத்தைக் காட்டிய பிறகும், கொழுந்தனாரோ நாத்தனாரோ வரவும் மாட்டார், பணமும் தரமாட்டார் என்றால் என்ன செய்வது? அப்படியும் சில குடும்பங்கள் உண்டு. ஒருவர் மறுத்துவிட்டார் என்பதற்காக மற்றவரோடு செய்த ஏற்பாட்டை நிறுத்தாதீர்கள், மறுத்தவரைத் திருத்தும் வேலையையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். 2007 சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பிள்ளைகளை மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரச்சொல்லி உத்தரவிடலாம். முதியவரால் முடியாதபோது அவர் அதிகாரம் அளித்தவர் மனு செய்யலாம், தீர்ப்பாயம் தானாகவும் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வழியில் போன உறவு பெரும்பாலும் திரும்பி வராது. அந்தத் தொகையும் ஓர் இரவுத் தூக்கத்தைத் தராது. மறுப்பவர் மறுத்துப்போகட்டும் என்று விட்டு, அவர் பங்குக்கு ஈடான வேலையைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்துகொள்வதும், வீட்டில் தேவையில்லாத வேலைகளைத் துணிந்து குறைத்துவிடுவதும் உங்கள் உடம்புக்கு நல்லது. நோய் முற்றி, இரண்டு பேர் சேர்ந்தும் சமாளிக்க முடியாத கட்டம் வந்தால் நல்ல பராமரிப்பு இல்லத்தைப் பற்றிக் குடும்பமாகப் பேசுவதில் தவறில்லை. அந்த முடிவையும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து எடுக்கவேண்டும், மருமகள் மேல் எழுதிவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் காத்திராமல் செய்யுங்கள். கோபத்தில் மாமியார் மீது கை ஓங்கும் நிலை வந்திருந்தாலோ, விடிந்தால் ஏன் விடிகிறது என்று தோன்றத் தொடங்கியிருந்தாலோ, இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இது பலருக்கும் நேர்வதுதான், சிகிச்சையும் உண்டு. உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும் மருத்துவரிடமே தொடங்கலாம். வீட்டில் மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்வதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை என்றால், அதையும் சொல்லுங்கள்.

ஏற்பாடு எதுவானாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பேசவேண்டியிருக்கும், ஏனென்றால் நோய் அதே இடத்தில் நிற்காது. இன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாரோ என்று அஞ்சுகிறீர்கள், ஓராண்டில் அவர் படுக்கையிலிருந்து எழ முடியாத நிலை வரலாம். அப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதற்கும், படுக்கைப் புண் வராமல் காப்பதற்கும் வேறு விதமான ஆள்பலம் தேவைப்படும். அடுத்த மருத்துவர் சந்திப்பு எந்தத் தேதி என்று இன்று இரவு கணவரிடம் கேளுங்கள். தெரியாது என்று அவர் சொன்னால், அந்தத் தேதியைக் கண்டுபிடித்துத் தம்பிக்கும் தங்கைக்கும் தெரிவிப்பது அவருடைய முதல் பொறுப்பாக இருக்கட்டும்.